நீள முதுகு நாய்கள்: டிஸ்க் விலகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? (டாஷ்ஹண்ட் வளர்ப்போருக்கு)

தெப்பக்குளம்_டாஷ்:

எல்லோருக்கும் வணக்கம். ஆண் டாஷ்ஹண்ட், 4 வயது, 11 கிலோ. 9 கிலோவுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். முதுகில் இதுவரை தொந்தரவு இல்லை. வீடு முழுக்க விட்ரிஃபைட் டைல்ஸ். சோபா 45 செ.மீ. உயரம், கட்டில் 60 செ.மீ. "படியேற விடாதே, பத்து நிமிஷத்துக்கு மேல் நடத்தாதே, தூக்கிக்கொண்டே போ" என்று ஒரு கூட்டம் சொல்கிறது. "நன்றாக ஓடவிடு, அப்போதுதான் முதுகு பலப்படும்" என்று இன்னொரு கூட்டம். எதைக் கேட்பது? சாப்பாட்டு அளவு, சோபாவுக்குச் சாய்வுப் பலகை அளவு, பயிற்சி, எந்த அறிகுறிக்கு உடனே ஓட வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

கால்நடை_பிசியோ:

இரண்டு கூட்டமும் பாதிதான் சொல்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மீதிப் பாதி தானாகப் புரியும்.

முதுகெலும்பின் கண்ணிகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க்கில் வெளியே நார் வளையம், உள்ளே ஈரமான கூழ். சாதாரண நாய்களுக்கு அந்தக் கூழ் வயதான பிறகுதான் வற்றும். டாஷ்ஹண்டுக்கு ஒரு வயதிலேயே பெரும்பாலான டிஸ்க்குகளில் கூழ் குருத்தெலும்பு போல இறுகத் தொடங்கிவிடும். பிறகு அதில் சுண்ணாம்பு படியும். ஈரக்கூழ் பாரத்தை எல்லாப் பக்கமும் பரப்பிக் கொடுக்கும். இறுகிய கூழால் அது முடியாது, பாரம் நார் வளையத்தின் மேல் விழுகிறது. அந்த வளையம் மேல்பக்கம்தான் மெல்லியது, அதற்கு நேர் மேலே ஓடுவது தண்டுவடம். வளையம் கிழிந்தால் உள்ளிருப்பது தண்டுவடத்தின் மேல் பாய்வது இதனால்தான். 3 முதல் 7 வயதுக்குள் நடப்பதே அதிகம்.

இது எஃப்.ஜி.எஃப்.4 என்ற மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று 12-வது குரோமோசோமில் உட்கார்ந்திருப்பதால் வருவது. 2017-ல் கண்டுபிடித்தார்கள். அதே மரபணுவின் வேறொரு நகல் 18-வது குரோமோசோமில் இருப்பதை 2009-லேயே கண்டிருந்தார்கள், அது காலைக் குட்டையாக்குவது. ஆகவே முதுகு நீளம் மட்டுமே காரணம் என்று நினைக்காதீர்கள். பிரெஞ்ச் புல்டாக்குக்கு முதுகு நீளமே இல்லை, அதற்கும் இந்த நோய் வருகிறது. பீகிள், ஷி ட்ஸூ, பெக்கினீஸ், காக்கர் வைத்திருப்பவர்களும் இந்த இழையைப் படிக்க வேண்டும்.

அதிகம் அடிபடும் இடம் விலா எலும்புகள் முடிந்து இடுப்புத் தொடங்கும் பகுதி. மேல் முதுகில் இருபக்க விலா எலும்புகளின் தலைகளையும் இணைத்து டிஸ்க்கின் மேலாக ஓடும் ஒரு தசைநார் காவல் நிற்கிறது. கடைசி விலாக்களில் அந்தக் காவல் இல்லை. விறைப்பான மார்புக்கூடும் வளைந்து கொடுக்கும் இடுப்பும் சந்திக்கும் இடமும் அதுதான். அடுத்தபடியாகக் கழுத்து.

டாஷ்ஹண்டில் ஏறக்குறைய நாலைந்தில் ஒன்றுக்கு வாழ்நாளில் இந்தத் தொந்தரவு வரும் என்பது பொதுவான கணக்கு. டிஸ்க் இறுகுவதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் உடம்பு எடை, முதுகையும் வயிற்றையும் பிடித்து நிறுத்தும் தசை, திடீர் அதிர்ச்சி, அறிகுறி தெரிந்ததும் நாம் நடந்துகொள்ளும் வேகம் என்ற நாலும் நம் கையில் இருக்கிறது. தூக்கிக்கொண்டே திரிந்தால் இதில் முதல் இரண்டும் கெட்டுப்போகும். பிரிட்டனில் 2015-ல் டாஷ்ஹண்ட் வளர்ப்போரிடம் எடுத்த பெரிய கணக்கெடுப்பில் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சி கிடைத்த நாய்களுக்கு டிஸ்க் பாதிப்பு குறைவாக இருந்தது. சோபாவில் ஏறி இறங்கிய நாய்களுக்கும் குறைவாகவே தெரிந்தது. அதற்காகக் குதிக்க விடலாம் என்று அர்த்தமில்லை. ஒருமுறை பாதிக்கப்பட்ட நாயைச் சோபாவில் ஏறவே விடமாட்டார்கள் அல்லவா, அதுவும் கணக்கில் கலந்திருக்கும்.

அளவுச்சோறு:

எடையை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் சீக்கிரம் பலன் தரும்.

இலக்கு எடை 9 கிலோ. போன் கால்குலேட்டரில் 9 × 9 × 9 = 729. அதற்கு வர்க்கமூலம் 27. அதற்கு மறுபடி வர்க்கமூலம் 5.2. அதை 70-ஆல் பெருக்கினால் 364. இளைக்க வேண்டிய நாய்க்கு ஒரு நாளைக்கு இத்தனை கலோரி போதும். இப்போதைய 11 கிலோவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், இலக்கு எடையை வைத்துத்தான் போட வேண்டும். உலர் உணவு பெரும்பாலும் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி, பாக்கெட்டின் பின்பக்கம் போட்டிருக்கும். அப்படியென்றால் நாள் முழுக்க 90 முதல் 100 கிராம். கப் கணக்கு வேண்டாம். ஒரே கப்பில் ஒருவர் அள்ளுவதற்கும் இன்னொருவர் அள்ளுவதற்கும் 20 கிராம் வித்தியாசம் வரும், சின்ன நாய்க்கு அது ஐந்தில் ஒரு பங்கு சாப்பாடு. சமையலறைத் தராசில் கிராமாக நிறுங்கள்.

வீட்டுச் சாப்பாடு என்றால் தோலில்லாத வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராம் 165 கலோரி, சாதம் 100 கிராம் 130, ஒரு முட்டை 75. காரட், பீன்ஸ், பூசணி, வெள்ளரியை வேகவைத்தோ நறுக்கியோ சேர்த்து வயிற்றை நிரப்பலாம், கலோரி ஏறாது. ஆனால் கறியும் சோறும் மட்டும் கொடுத்தால் கால்சியம் போதாது. எவ்வளவு சேர்ப்பது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை கூடவே கூடாது.

கணக்கு கெடுவது எப்போதும் ஓரத்தில்தான். ஒரு மேரி பிஸ்கட் 20 முதல் 25 கலோரி. காலை டீயோடு இரண்டு, மாலை இரண்டு என்றால் ஒரு நாள் ஒதுக்கீட்டில் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது. ஒரு இட்லி 50 கலோரி சுமார். தாத்தா ஒரு வாய், வாட்ச்மேன் ஒரு பிஸ்கட், பிள்ளைகள் தட்டிலிருந்து ஒரு துண்டு. யாரையும் திட்டிப் பயனில்லை. காலையிலேயே அன்றைய பங்கை நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான்.

வாரத்துக்கு 1 சதவீதம், அதாவது 110 கிராம் இறங்கினால் நல்ல வேகம். 2 சதவீதத்தைத் தாண்டினால் தசையும் கரையத் தொடங்கும், நமக்கு வேண்டியதே அந்தத் தசைதான். 2 கிலோ இறங்க மூன்று முதல் நாலரை மாதம் ஆகும். நாயைத் தூக்கிக்கொண்டு நாம் ஏறி நிற்கும் தராசு 100 கிராம் வித்தியாசத்தைச் சரியாகக் காட்டாது. குழந்தைகளை நிறுக்கும் தராசோ கிளினிக் தராசோ வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இரண்டு வாரம் இறங்காமல் நின்றால் சாப்பாட்டில் 10 சதவீதம் குறையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தைராய்டு பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள்.

தராசு இல்லாத நாளில் கையால் பாருங்கள். உங்கள் கையை விரித்து வைத்துப் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, விலாவைத் தடவும்போது அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. உள்ளங்கையைத் தடவுவது போல மெத்தென்றிருந்தால் குண்டு. முஷ்டியின் கணுக்கள் போலத் துருத்தினால் மெலிந்துவிட்டது.

தச்சுப்பட்டறை:

சாய்வுப் பலகைக்கு ஒரே விதி: உயரத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையாத நீளம். 45 செ.மீ. சோபாவுக்கு 135 செ.மீ. அதற்கு மேல் 10 செ.மீ. சேர்த்தால் இன்னும் நல்லது. கடையில் மடக்கும் பலகை என்று விற்பவற்றில் பல 90, 100 செ.மீ.தான். அது சறுக்குமரம், நாய் பாதியில் குதித்துவிடும்.

12 மி.மீ. பிளைவுட், அகலம் 40 செ.மீ. அடியில் நீளவாக்கில் இரண்டு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடிக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் அமுங்கித் துள்ளும், அந்தத் துள்ளலுக்குப் பயந்தே பல நாய்கள் ஏற மறுக்கும். மேலே சன்மைக்கா ஒட்டாதீர்கள். ரப்பர் மேட் அல்லது அடியில் ரப்பர் வைத்த கார்பெட்டை ஓரம் முதல் ஓரம் வரை பசை போட்டு ஒட்டுங்கள். நடுவில் மட்டும் ஆணியடித்தால் சுருங்கி மடிப்பு விழும், நகம் மாட்டும். இரண்டு பக்கமும் 4 செ.மீ. உயரத்துக்கு விளிம்பு. மேல் முனை குஷனோடு சமமாக உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் பின்கால் இறங்கும், பின்கால் இறங்கி உடம்பு முறுகுவது முதுகுக்கு ரொம்பக் கெட்டது. கீழ் முனையைச் சீவிச் சரிவாக்கி, தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள்.

பழக்குவது தனி வேலை. முதலில் பலகையைத் தரையில் படுக்கப் போட்டு அதன் மேல் நடந்து பழகட்டும். அடுத்து ஒரு முனைக்கு ஒரு செங்கல், பிறகு இரண்டு, பிறகு மூன்று, கடைசியில் சோபா. ஹார்னஸில் கயிறு கட்டியே பழக்குங்கள். எல்லோரும் மேலே போய்ச் சேர்ந்ததும் ட்ரீட் கொடுக்கிறார்கள். கொடுக்க வேண்டியது இறங்கி நாலு காலும் தரையில் பட்ட பிறகு. ஏறுவதை எந்த நாயும் கற்றுக்கொள்ளும், பாதி இறங்கியதும் பக்கவாட்டில் தாவுவதுதான் வழக்கமான கோளாறு.

60 செ.மீ. கட்டிலுக்கு 180 செ.மீ. பலகை வேண்டும். சாதாரண படுக்கையறையில் அதற்கு இடமிருக்காது. அதைச் செய்து காசை வீணாக்குவதைவிட வாசலில் குழந்தைத் தடுப்புக் கதவு போட்டு, கட்டிலுக்கு ஏற விடாமல் வைப்பதே சரி.

டைல்ஸ் விஷயம். வீடு முழுக்க விரிக்க வேண்டியதில்லை. நாய் படுக்கும் இடம், தண்ணீர்க் கிண்ணம், வாசல் மூன்றையும் இணைத்து 60 செ.மீ. அகலத்துக்கு ஒரு பாதை விரித்தால் போதும். முக்கியமான இடம் வாசற்கதவுக்கு முன்னால். காலிங் பெல் அடித்ததும் பாய்ந்துபோய், பிரேக் போட்டு, சுழன்று குரைக்கும் இடம் அது. அங்கே பெரிய ரப்பர் மேட் போடுங்கள். பின்பக்கம் வழுக்கும் மெல்லிய கோரைப்பாய், மிதியடி எல்லாம் டைல்ஸைவிட ஆபத்து, நாயோடு சேர்ந்து அதுவும் ஓடும்.

கால்நடை_பிசியோ:

அதோடு நகத்தையும் பாருங்கள். நடக்கும்போது டக் டக் என்று நகச் சத்தம் கேட்டால் நகம் நீளம். பாதம் சரியாகப் பதியாது, பிடிப்பு இருக்காது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நுனி வெட்டினால் போதும். நீள முடி வகையில் பாத மெத்தைகளுக்கு நடுவே வளரும் முடியையும் கத்தரியுங்கள்.

தூக்கும் முறை: ஒரு கை முன்கால்களுக்குப் பின்னால் மார்புக்கு அடியில், இன்னொரு கை பிட்டத்துக்கு அடியில், முதுகு தரைக்கு இணையாக. உடம்போடு சேர்த்துப் பிடியுங்கள். இறக்கும்போது நாலு காலும் ஒரே நேரத்தில் தரையில் படும்வரை கையை விடாதீர்கள். பலர் கடைசி ஒரு சாணில் விட்டுவிடுவார்கள், நாய் துள்ளி இறங்கும். அக்குளில் கைகொடுத்துக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினால் பின்பாதி எடை முழுக்க முதுகில் தொங்கும். வீட்டுக் குழந்தைகளுக்கு "தூக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும், கற்றுக்கொடுக்கப் போக வேண்டாம்.

கழுத்துப் பட்டையில் கயிறு கட்டாதீர்கள், கழுத்து டிஸ்க்கும் இதே நோய்க்காரன்தான். மார்பில் ஒய் வடிவில் வரும் ஹார்னஸ் நல்லது. தோள்பட்டைக்குக் குறுக்கே பட்டை ஓடும் வகை முன்காலின் வீச்சைத் தடுக்கும்.

பால்கனி_பீகிள்:

படி பற்றி யாரும் சொல்லவில்லையே? ஒரு படிகூட ஏறவிடக் கூடாது என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறார்கள்.

கால்நடை_பிசியோ:

டாஷ்ஹண்ட்களின் எக்ஸ்ரே படங்களை வைத்து டென்மார்க்கில் செய்த ஆய்வில், அளவாகப் படியேறிய நாய்களிலும் நல்ல நடை கிடைத்த நாய்களிலும் சுண்ணாம்பு படிந்த டிஸ்க்குகள் குறைவாகவே இருந்தன. எனவே அபார்ட்மென்ட் வாசலில் இருக்கும் மூன்று நாலு தாழ்ந்த படியைக் கயிற்றில் பிடித்து மெதுவாக ஏற்றி இறக்கலாம். நம் வீட்டு மாடிப்படி ஒவ்வொன்றும் 15 செ.மீ.க்கு மேல், டாஷ்ஹண்டின் தோள் உயரமே 20, 23 செ.மீ.தான். ஒரு மாடி முழுக்க இறங்குவது அதற்குத் தொடர்ச்சியாகக் குதிப்பது போல. முன்னங்காலில் எடை விழுந்து, பின்பாதி மேலே வந்து மோதும். தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது லிஃப்ட். ஏற்கெனவே ஒருமுறை முதுகுத் தொந்தரவு வந்த நாய்க்கு ஒரு படியும் வேண்டாம்.

இனி பயிற்சி. நோயில்லாத, வலியில்லாத நாய்க்கு மட்டும்.

அடித்தளம் நடைதான். இத்தனை நாள் சும்மா இருந்த நாய் என்றால் காலை 15 நிமிடம், மாலை 15 நிமிடம். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, இரண்டு வேளையும் 30, 40 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். வாரம் முழுக்க வீட்டிலும் ஞாயிறு மட்டும் பீச்சில் இரண்டு மணி நேர ஆட்டமும் என்றால் ஆபத்து, களைத்த தசை முதுகைப் பிடிக்காது. முதல் 5 நிமிடம் மெதுவாக, நாலு காலும் தனித்தனியாகப் பதியும் நடை. பிறகு விறுவிறுவென்று. புல், மண், லேசான மேடு பள்ளம் எல்லாம் கலந்து வரட்டும். கடற்கரையில் அலை நனைத்த இறுகிய மணல் நல்லது, கால் புதையும் காய்ந்த மணலில் பழகாத நாயை நடத்தினால் இடுப்பு வாங்கும். கோடையில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். தார் ரோட்டில் புறங்கையை 7 விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

இரண்டு மூன்று வார நடைக்குப் பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் பத்து நிமிடம் தசைப் பயிற்சி. தரை வழுக்கக் கூடாது.

நிற்க வைத்து, மூக்கெதிரே ட்ரீட்டைப் பிடித்து மெதுவாகத் தோள்பட்டைக்கும், பிறகு இடுப்புப் பக்கத்துக்கும் கொண்டுபோங்கள். கால் நகராமல் கழுத்தும் விலாவும் வளைய வேண்டும். பக்கத்துக்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் 5 விநாடி. அடுத்து, நேராக நிற்கும்போது ஒரு காலை மட்டும் தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்து 5 விநாடி. நாலு காலுக்கும் மூன்று முறை. உங்கள் கையில் சாய்ந்தால் அது பயிற்சியாகாது, லேசாகத் தூக்குங்கள். முன்கால் இரண்டையும் 5 செ.மீ. உயரக் கெட்டியான மெத்தையில் வைத்து 10 விநாடி நிற்பது ஐந்து முறை. உட்கார்ந்து எழுவது ஐந்து முறை, இரண்டு பக்கமும் சமமாக மடக்கி உட்கார்கிறதா என்று பாருங்கள். கடைசியாகத் துடைப்பக் கம்புகள் ஐந்தாறு, தரையிலிருந்து 3 செ.மீ. உயரத்தில், ஒன்றுக்கொன்று நாயின் தோள் உயர இடைவெளியில் வைத்து நடந்தே தாண்டட்டும். ஒவ்வொரு காலையும் யோசித்து எடுத்துவைக்க வேண்டும், அதுதான் பலன். குதித்தால் கம்பு உயரம் அல்லது உங்கள் வேகம் அதிகம்.

கால் நடுங்கினாலோ, முதுகு கூன் போட்டாலோ, ட்ரீட்டைப் பார்த்தும் விலகினாலோ அன்றைக்கு நிறுத்துங்கள்.

வேண்டாதவை: பின்காலில் நின்று கும்பிடுவது, அது எவ்வளவு அழகாக இருந்தாலும். பந்தை எறிந்து பிடிப்பது, ஓடிய வேகத்தில் நின்று திரும்புவதுதான் முறுக்கும் விசை. வேண்டுமானால் பந்தைத் தரையோடு உருட்டிவிட்டு, அது நின்ற பிறகு தேட அனுப்புங்கள். கயிறிழுப்பில் தலையை மேல்நோக்கி இழுப்பது. பெரிய நாயோடு உருண்டு புரள்வது. ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து தரைக்கரடியை (பேட்ஜர்) வேட்டையாட வளர்த்த இனம் இது. மூக்கு வேலைதான் இதற்கு உண்மையான ஆட்டம். பழைய துண்டுக்குள், அட்டைப்பெட்டிக்குள், செடித்தொட்டிகளுக்கு நடுவில் அன்றைய உணவில் பாதியை ஒளித்து வையுங்கள், இருபது நிமிடம் முகர்ந்து தேடினாலே நாய் அலுத்துப் படுத்துவிடும்.

சிறுவிலங்கு_மருத்துவர்:

அறிகுறிகளை நான் எழுதுகிறேன்.

முதல் கட்டம் வலி மட்டும். நடை சரியாக இருக்கும். முதுகைக் கூனாக்கி, வயிற்றை இறுக்கிக்கொண்டு நிற்கும், நடுங்கும். தூக்கினால் கத்தும். ஏறிய சோபாவில் ஏறாமல் நின்று பார்க்கும், குளித்த பிறகு உடம்பை உதறாது. கழுத்து என்றால் தலையைத் தாழ்த்தி, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டிப் பார்க்கும். இதை வயிற்றுவலி என்று நினைத்து இரண்டு நாள் கடத்துவது அடிக்கடி நடக்கிறது. இரண்டாம் கட்டத்தில் நடக்கும், ஆனால் தள்ளாடும், பின்கால் பின்னிக்கொள்ளும், நகம் தரையில் உரசும். மூன்றில் கால் அசையும், எழுந்து நடக்க முடியாது. நான்கில் அசைவே இருக்காது, வலி உணர்ச்சி இருக்கும். ஐந்தில் அதுவும் போய்விடும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நாயை நிற்க வைத்து வயிற்றைத் தாங்கிக்கொண்டு, பின்பாதத்தைத் திருப்பி மேல்பக்கம் தரையில் படும்படி வையுங்கள். உடனே நிமிர்த்திக்கொள்ள வேண்டும். ஒன்றிரண்டு விநாடி அப்படியே விட்டால் தண்டுவடம் அழுத்தப்படுகிறது. அன்றைக்கே டாக்டர்.

விரலைக் கிள்ளிப் பார்த்து, "காலை இழுக்கிறது, உணர்ச்சி இருக்கிறது" என்று நிம்மதியாகிவிடாதீர்கள். இழுப்பது வெறும் அனிச்சை, மூளைக்குச் செய்தி போகாமலே நடக்கும். தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா, கடிக்க வருகிறதா என்பதுதான் கேள்வி. இந்தச் சோதனையை மருத்துவரே செய்யட்டும்.

ஆழ்ந்த வலி உணர்ச்சி இருக்கும்போது ஆபரேஷன் நடந்தால் பத்தில் ஒன்பது நாய்கள் திரும்ப நடக்கும். அது போன பிறகு என்றால் ஏறக்குறைய பாதிதான். நடை போன நாய்க்கு "காலையில் பார்ப்போம்" என்ற பேச்சே கூடாது. உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. எங்கே எடுக்கிறார்கள், தண்டுவட ஆபரேஷன் யார் செய்கிறார்கள், ராத்திரி திறந்திருப்பது எது என்பதை இன்றைக்கே கேட்டு போனில் எழுதி வையுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. கொண்டுபோகும்போது நாயைத் தட்டையான பலகையிலோ கெட்டியான அடிப்பாகமுள்ள கூடையிலோ படுக்கவைத்து, இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அண்டக் கொடுங்கள். மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போகாதீர்கள்.

எல்லா முதுகுவலியும் டிஸ்க் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். உண்ணிக் காய்ச்சலில் உடம்புவலி, தள்ளாட்டம் வரும். டிஸ்க்கிலேயே கிருமித் தொற்றும் வரும். ரத்தப் பரிசோதனை கேட்டால் மறுக்காதீர்கள்.

பால்கனி_பீகிள்:

சிலர் "நரம்பு பிசகியிருக்கிறது" என்று எண்ணெய் தேய்த்து நீவுகிறார்களே? வீட்டில் இருக்கும் வலி மாத்திரையில் பாதி கொடுப்பதும் நடக்கிறது.

சிறுவிலங்கு_மருத்துவர்:

இரண்டும் வேண்டவே வேண்டாம். கிழிந்த வளையத்தை அழுத்தி நீவினால் மிச்சமிருக்கும் கூழும் வெளியே வரும். காலைப் பிடித்து இழுத்து நீட்டுவது அதைவிட மோசம்.

மனிதர்களுக்கான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் அளவு தவறினால் ஈரலைத் தாக்கும். இன்னொரு முக்கியமான விஷயம்: ஸ்டீராய்டும் வலி குறைக்கும் மருந்தான மெலாக்சிகாம் வகையும் சேர்ந்து போகவே கூடாது. குடல் ஓட்டையாகி நாய் செத்தே போகலாம். ஒரு இடத்தில் ஊசி போட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் என்ன ஊசி, எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

கூண்டுக்காலம்:

ஆபரேஷன் இல்லாமல் ஓய்வில் குணப்படுத்துவது பற்றி. முதல் இரண்டு கட்டத்தில் பெரும்பாலான நாய்கள் இதிலேயே தேறும், ஆனால் ஓய்வு ஓய்வாக இருக்க வேண்டும்.

குறைந்தது 4 வாரம் கூண்டு. எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடமிருந்தால் போதும். 9 கிலோ நாய்க்குச் சுமார் 90 செ.மீ. நீளம், 60 அகலம். பெரிய கூண்டு நல்லது என்று நினைத்து அறையளவு தடுப்பு போட்டால் உள்ளேயே துள்ளும். அடியில் கெட்டியான, வழுக்காத விரிப்பு, புதையும் மெத்தை வேண்டாம். கிண்ணங்களைச் சற்று உயர்த்தி வையுங்கள். மூத்திரம், மலத்துக்கு மட்டும் ஹார்னஸில் கட்டி வெளியே, ஒரு தடவைக்கு 5 நிமிடம். தள்ளாடினால் நீளத் துண்டை அடிவயிற்றின் கீழே கொடுத்து இடுப்பைத் தாங்குங்கள். ஆண் நாய்க்குத் துண்டு குறியை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதனாலேயே போகாமல் அடக்கும்.

கெடுவது எப்போது என்றால் மூன்றாம் நாள். மாத்திரை வேலை செய்து வலி போயிருக்கும், நாய் வாலாட்டிக் கெஞ்சும், வீட்டில் யாராவது பாவப்பட்டுத் திறந்துவிடுவார்கள். வலிதான் போயிருக்கிறது, வளையம் ஒட்டவில்லை. அது தழும்பாகி மூட வாரக்கணக்காகும். அந்த ஒரு பாய்ச்சலில் இரண்டாம் கட்டம் நான்காகிவிடும். முதல் வாரம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதத்தைத் திருப்பும் சோதனை செய்து தேதியோடு எழுதுங்கள். முன்பைவிட மோசமானால் உடனே மருத்துவமனை.

நடக்க முடியாத நாய் சொட்டுச் சொட்டாக மூத்திரம் விட்டால் "போகிறது" என்று எண்ணாதீர்கள். பை நிரம்பி வழிவது அது. 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை அடிவயிற்றை அழுத்தி வெளியேற்றும் முறையை மருத்துவரிடம் கைபிடித்துக் கற்றுக்கொள்ளுங்கள், படம் பார்த்துச் செய்கிற வேலையல்ல.

நாலு வாரம் முடிந்த அன்றைக்கே பழைய நடைக்குப் போகக் கூடாது. முதல் வாரம் 5 நிமிடம், தினம் மூன்று முறை, கயிற்றில். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். பிசியோ மேடம் சொன்ன தசைப் பயிற்சி எல்லாம் டாக்டர் சரி என்ற பிறகே.

தெப்பக்குளம்_டாஷ்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்வி பாக்கி. கருத்தடை ஆபரேஷன் இன்னும் செய்யவில்லை, அது முதுகைப் பாதிக்குமா? சோபா முன்னால் 115 செ.மீ.தான் இடமிருக்கிறது, 135 போட வழியில்லை. என்ன செய்யலாம்?

சிறுவிலங்கு_மருத்துவர்:

பிரிட்டன் டாஷ்ஹண்ட் தரவுகளில், 12 மாதத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்களுக்கு டிஸ்க் விலகல் அதிகமாக இருந்தது. உங்கள் நாய்க்கு 4 வயது, அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. செய்த பிறகு உடம்புக்குத் தேவையான கலோரி குறையும், எனவே எடை 9-க்கு வந்த பிறகு செய்யுங்கள். பெண் குட்டி வைத்திருப்பவர்கள் ஒரு வயது தாண்டட்டும், ஆனால் கருப்பையில் சீழ் கோக்கும் ஆபத்து இருப்பதால் வருடக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். புதிதாகக் குட்டி வாங்குகிறவர்கள் தாய் தகப்பனுக்கு 2 முதல் 4 வயதுக்குள் முதுகு எக்ஸ்ரே எடுத்துச் சுண்ணாம்பு படிந்த டிஸ்க் எத்தனை என்று எண்ணியிருக்கிறார்களா என்று கேளுங்கள். டென்மார்க், பின்லாந்து பக்கம் இனப்பெருக்கத்துக்கு அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே கேட்பவர்கள் கூடினால்தான் எடுப்பவர்களும் கூடுவார்கள்.

தச்சுப்பட்டறை:

சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கால்களைப் பாருங்கள். பெரும்பாலும் திருகிக் கழற்றும் கால்தான், 8 முதல் 10 செ.மீ. உயரம் இருக்கும். கழற்றிவிட்டால் சோபா 35, 37-க்கு இறங்கும். 37 செ.மீ.க்கு 111 செ.மீ. பலகை போதும், உங்கள் இடத்தில் அடங்கும். அடிச்சட்டம் தரையில் உரசாமல் நாலு மூலையிலும் 3 மி.மீ. ரப்பர் துண்டு ஒட்டுங்கள். பலகை வெட்டுவதற்கு முன்னால் கால் கழற்றிய உயரத்தை, ஆள் உட்காராத குஷனின் மேல்மட்டம் வரை அளந்து போடுங்கள்.